ஒடைங்க

கீழே பேக்கரி.
மூன்றாம் மாடியில் கோபத்துக்கு வாடகை அறை.
ஹோப் காலேஜ் சிக்னலில் இறங்கினால் நடக்கிற தூரம்.
ஆளுக்கு அறுநூறு. இருபது பாட்டில், பத்துத் தட்டு, ஒரு பிரிண்டர்.
மானிட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு.

ஷிப்மென்ட் போன மறுநாள், சனிக்கிழமை,
திருப்பூரில் இருந்து மூன்று பேர் வந்திருந்தோம்.
கோகிலவாணி, சிந்துஜா, நான்.
"இந்த நீலம் கொஞ்சம் சோகமாக இருக்கிறது" என்று
பையர் ஒரு வரி எழுதியதற்காக
நாலாயிரம் பீஸுக்குத் துணியை மறுபடி சாயமேற்றிய மூன்று பேர்.
வீட்டில் ஜாலிக்கு என்று சொல்லியிருந்தோம்.

கவுன்ட்டர் பையன் ஒரு தாளை நீட்டினான்.
காயம் பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.
கையெழுத்துப் போடுமுன் எழுத்துப்பிழை பார்த்தேன்.
இரண்டு இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஹெல்மெட், தடித்த கையுறை,
முந்தைய ஆளின் வேர்வை காயாத கோட்டு.
"யாரு மேல கோவமோ அவங்கள நெனச்சுக்கிட்டு
ஒடைங்க" என்றான்.
உக்காருங்க, சாப்பிடுங்க என்கிற அதே குரலில்.

முதல் தட்டு. கல்யாண மண்டபத்துடையது,
ஓரத்தில் நீலக் கோடு. சோகமில்லாத நீலம்.
கை தன்பாட்டில் திருப்பிப் பார்த்தது:
கீறல், கறை, விளிம்பு.
பத்து வருஷம் பனியன் துணியில் ஓட்டை தேடிய கை.
பழுதில்லை. பாஸ்.
சுவரில் வீசினேன்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

"கத்துனாத்தான் காசு செரிக்கும்" என்றாள் சிந்துஜா.
முதலாளியை நினைத்துக்கொண்டேன்.
ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு
"சும்மாதாங்க, முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்" என்கிறவர்.
பாட்டிலை ஓங்கி, அடிவயிற்றில் இருந்து எடுத்து,
"நீயெல்லாம் ஒரு மனுசனா
ங்க?"

கோகிலவாணி ஹெல்மெட்டோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.
மறுபடி: உருப்படவே மாட்டீங்க!
மறுபடி: நாசமாப் போங்க!
பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் போயின.
அந்த ங்க மட்டும்
சுவரில் பட்டு, சிராய்ப்புகூட இல்லாமல்,
என் காலுக்கே உருண்டு வந்தது.

மூலையில் ஒரு பழைய கிரைண்டர்.
ஸ்டீல் டிரம்மை யாரோ ஏற்கெனவே சப்பையாக்கியிருந்தார்கள்.
"கல்ல மட்டும் அடிச்சிராதீங்க. சுத்தியல் காம்பு போயிரும்.
மூணு போயிருச்சு."
துடைப்பத்தோடு கதவோரம் நின்றார் ராமாத்தாள் அக்கா.
ஆறு மணிக்கு அடுத்த ஆட்கள். அவருக்கு அவசரம்.
"எட்டு மாசமா கெடக்குதுங்க. உளுந்து வாசம் இன்னும் போகல."

குனிந்து முகர்ந்தேன்.
கண்ணாடித் தூள்தான் வந்தது. அதற்கு அடியில், இருக்கலாம்.

"போன வாரம் ஒரு பொண்ணு தனியா வந்துச்சு.
காசு கட்டி, கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு
ஒண்ணையும் ஒடைக்கல.
பாட்டில ஓரமா அடுக்கி வெச்சுட்டு
அரை மணி நேரம் தூங்கிட்டுப் போயிருச்சு.
எனக்குப் பெருக்கற வேலையே இல்ல."
சொல்லிவிட்டு எங்கள் தரையைப் பார்த்தார்.

இன்னும் ஏழு நிமிஷம். பிரிண்டர் பாக்கி.
சுத்தியலை வாங்கும்போது
கோட்டுக்குள், இடுப்பில், போன் அதிர்ந்தது.
எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.
அது நிற்கும்வரை அடித்தேன்.

கீழே தேங்காய் பன், மூன்று டீ.
சிந்துஜாவின் முடியில் ஒரு சில்லு, வெயிலில் மின்னிக்கொண்டு.
எடுத்துவிடலாமென்று கை நீட்டுகையில் மறுபடி போன்.
விரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றேன்.

மேசையில் இரண்டு டீயும் பாதி வழியில் நின்றன.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
அவிநாசி ரோட்டில் ஒரு லாரி முழுசாகக் கடந்து போனது.

"ஹலோ" என்றேன்,
"கேக்குதுங்களா?"