கோவிந்தன் மற்றும் பிறர்

பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
திட்டிக்கொண்டே விசிலடிப்பார் ஏற்காடு பஸ் கண்டக்டர்.
பதினொன்று வரை இறங்கி நடப்போம்.
மெர்லினிடம் ஸ்கேல்.
அஸ்லமிடம் குடை, வண்டி வந்தால் கத்தும் பொறுப்பு.
என்னிடம் நாற்பது பக்க நோட்டு:
தேதி, வளைவு, மழை, செத்தது.

ஞாயிறுதோறும் ஆறு மாதம்.
தவளை இருநூற்றுப் பதினேழு.
பாம்பு முப்பத்தொன்று.
தவளையா தேரையா என்று தெரியாமல்
தாரோடு ஒட்டியவைக்குத் தனிக் கட்டம்.
மரநாய் ஒன்று.
அதை எழுதி முடிக்கும் வரை
அஸ்லம் எதுவும் பேசவில்லை.

முதலில் அனுப்பிய இதழ்
இரண்டு மணி நேரத்தில் வாழ்த்தியது:
ஏற்கப்பட்டது,
ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டவும்.
அஸ்லம் தியேட்டரில் போல் விசிலடித்தான்.
மெர்லின்தான் கவனித்தாள்,
அட்டவணையை இணைக்கவே மறந்திருந்தோம்.
ஒரு தவளைகூட இல்லாத கட்டுரையை
எதைப் படித்து ஏற்றார்கள்?

அடுத்தது, மாணவர்களுக்கென்றே நடக்கும் இதழ்.
மூன்று மாதம் மூச்சில்லை.
பிறகு நான்கு பக்கக் கடிதம்:
இப்படியே வெளியிட முடியாது.
முகம் தெரியாத யாரோ
எங்கள் வரிகளில் வளைவு வளைவாக
இறங்கி நடந்திருந்தார்.
ஓரிடத்தில் நின்று கேட்டிருந்தார்:
"ஞாயிறு மட்டும் எண்ணிவிட்டு
சுற்றுலாக் கார்களே காரணம் என்கிறீர்கள்.
புதன்கிழமைத் தவளைகள் எங்கே?"

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.
அடுத்த புதன் முதல் பஸ்ஸில் இருந்தோம்.
முதல் பீரியடுக்குத் தாமதம்,
மழைக்காலம் முழுக்க வகுப்பு வாசலில் நின்றோம்.
புதனிலும் செத்திருந்தன.
காய்ந்த ஞாயிற்றைவிட
நனைந்த புதனில் கூடுதலாகவே.
கிழமை இல்லை, மழை.

"வெளியூர்ப் பணம் மலையேறும் வழியில்
உள்ளூர் உயிர்கள் நசுங்குகின்றன."
இரண்டு ராத்திரி யோசித்து எழுதியது.
கட்டுரையிலேயே அழகான வரி அதுதான்.
நானே அடித்தேன்.

படிவம் வந்தது.
பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து.
அப்பா படிக்காமலே
டாக்ஸி ஸ்டீயரிங்மேல் வைத்துப் போட்டார்.
"பணம் கிணம் கேக்கலையே?"
இன்னொரு கட்டம்: குடும்பப் பெயர், கட்டாயம்.
எங்களுக்கேது அது, இருப்பது இனிஷியல்.
அதை விரித்துக் கோவிந்தன் என்று அடித்தேன்.
அதிக நாள் நடந்தவள் என்று
என் பெயரை முதலில் போட்டார்கள்.
குடை பிடித்ததற்கு நன்றியுரை போதும் என்றான் அஸ்லம்.
மெர்லின் விடவில்லை.

மாசியில் வெளியானது.
பூங்கோதை நான்,
அச்சில் வெறும் பூ.
மேற்கோள் காட்ட வேண்டிய முறை என்று கீழே
கோவிந்தன் மற்றும் பிறர்.

இருபத்திரண்டு வருஷமாக
இதே மலையில் ஏறி இறங்கும் டிரைவர்
கண்ணாடி போட்டு அதைப் படித்தார்.
"நான் ஏத்துன தவளைக்கெல்லாம்
என் பேர்லயே கணக்கா?"
சிரித்தாரா என்று இன்னும் தெரியவில்லை.

நேற்று ராத்திரி, நல்ல மழையில், போன்.
"பன்னெண்டாவது வளைவு. தேரை ஒண்ணு.
முன்னாடியே செத்துக் கெடக்கு, நான் இல்ல.
எழுதிக்க."
அதெல்லாம் அச்சாயிடுச்சுப்பா.
வைப்பர் சத்தம் கொஞ்ச நேரம்.
"அதனால என்ன.
இன்னிக்கு வியாழக்கிழமை."