இரண்டாம் பக்கம், மூன்றாவது

உறையில் என் பெயர்தான் முதலில்.
எழுத்துப் பருமன் ஒன்றுதான், சந்தேகமில்லை,
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
அளந்ததை சைமியும் பார்த்தாள்.

கொக்கொலாவுக்கு நாற்பத்தேழு கிலோமீட்டர்.
ஆர்மோனியத்தைக் குதிரைக் கம்பளியில் சுற்றி
வேனில் ஏற்றப் போகையில் நிலையில் இடித்துவிட்டேன்.
"உன் பிடிலை இப்படி எவனாவது தூக்குவானா?"
அதோடு பேச்சு நின்றது.
பிப்ரவரி. ஆறு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சாலை.
சொல்லவேண்டிய ஒன்று என் பிடில் பெட்டியில்
பிசின்கட்டிக்கு அடியில் நாலாய் மடிந்து கிடந்தது.
வாசா நகரத்துக் கடிதம்:
ஜூன் மாதம், ஒரு மாலை முழுவதும்,
திருமதி சைமி தனியாக வாசிக்க இயலுமா?
தனியாக என்பதற்கு
அவர்கள் அடிக்கோடு போடவில்லை.
நான்தான் போட்டேன், நகத்தால்.

ஒரே மைக்.
எனக்கென்று தவுனோ தரையில்
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.
பாட்டுக்குப் பாட்டு அரையடி முன்னே நகர்ந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவன் கை
பின்னே போ என்றது, ஈ ஓட்டுவதுபோல.
"வீட்லயும் இவர் இப்படித்தானா?"
சைமி சிரித்தாள்.
சிரிப்பு நாடாவில் ஏறிவிட்டது.
வெட்டச் சொன்னேன்.

அவள் அப்பா ஊர் போல்ஸ்கா அது. ஏழு சுற்று.
இரண்டாவது முடிகிற இடத்தில்
என் மேல்தந்தி அறுந்தது.
வில்லை உயர்த்தினேன்.
இருபத்தோரு வருஷம், எத்தனையோ கல்யாணங்கள்,
நான் வில்லை உயர்த்தினால் அவள் கால் நிற்கும்.

நிற்கவில்லை.

வலது கை என் பங்கையும் எடுத்துக்கொண்டது,
கொடுத்த கடனைத் திருப்பி வாங்குகிறவள் மாதிரி,
அவசரமில்லாமல், எண்ணிப் பார்த்து.
மைக்குக்கு ஆறே அங்குலத்தில் நான்.
அன்றுதான் அவ்வளவு கிட்ட நின்றேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஐந்தாம் சுற்றுக்கு முன்னால் ஒரு இடைவெளி வரும்.
பெட்டி காற்றிழந்து, கீழ்ச்சுரம் தொங்கி,
நூலாகி,
இல்லாமலே போய்,
பிறகு பெடல் ஒருமுறை கிறீச்சிட்டு எழும்.

வானொலிக்காரர்கள் அதைத்தான் போடுகிறார்கள்.
அந்த மௌனத்துக்குள் ஒரு குளிர்காலமே உறைந்திருக்கிறதென்று
ஹெல்சிங்கி பத்திரிகை எழுதியது.
"எந்தக் குளிர்காலம்?" என்றாள் சைமி
மாட்டுக் கொட்டிலைக் கழுவிக்கொண்டே.
அதில் என் வேலை,
காது கொடுத்துக் கேட்டால்,
ஐம்பத்தோராம் விநாடியில் ஒரு 'டப்'.

மேடையில் அது வரும்போது
வில்லை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று
இன்னும் பிடிபடவில்லை.
முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்,
நீங்களும் வாசிப்பீர்களா?

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன், மே கடைசியில்.
நகக்கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு,
"வண்டி ஓட்ட ஆள் வேணும்" என்றாள், சுவரிடம்.
ஓட்டினேன்.
வாசாவில் எந்த நிலையிலும் இடிக்காமல்
பெட்டியை இறக்கி வைத்தேன்.
அதை யாரும் எழுதவில்லை.

நேற்று இரவு கேட்டேவிட்டேன்.
அந்த இடைவெளி,
நான் புதுத் தந்தி மாட்டி வந்து சேரட்டும் என்றா?

விளக்கு அணைந்திருந்தது.
"கால் மரத்துப்போச்சு" என்றாள்.

போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள்.
தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நீ ஏன் மாட்டல?"