ஒன்றரை சி.சி.

மைலோ டப்பாவுக்குள் மூன்று எஞ்சின்கள்.
ஒவ்வொன்றையும் கிழிந்த கைலித் துண்டில் சுற்றி
மேலே ஒரு அந்துருண்டை வேறு.
நாகப்பட்டினம், வெளிப்பாளையம்.
கரண்ட் போன மதியம்.
திருவாரூர் மாட்டு ஆஸ்பத்திரியில்
அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

முந்நூற்று நாற்பது கிராம் என் விமானம்.
இறக்கைக்குத் தாள் ஒட்டியாகிவிட்டது.
மூக்கு மட்டும் காலி.
எந்த எஞ்சின் என்று தெரியாமலே
திருகுக்குத் துளை போட்டு வைத்திருக்கிறேன்,
பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடித்த மாதிரி.

கண் முதலில் சிவப்புத் தலையிடம்தான் போனது.
இரண்டரை சி.சி. ஒரு கீறல் கிடையாது.
ஆனால் அது குடிப்பது மெத்தனால்.
மெத்தனால் என்று எங்கள் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள்:
கடைக்காரர் முதலில் வாசலைப் பார்ப்பார்,
பிறகு உங்களை.

அடுத்தது சுண்டைக்காய். அரை சி.சி.
தும்பியைத் தூக்கும்.

மூன்றாவது பழுப்பு.
வெல்லப்பாகில் முக்கி எடுத்து மறந்தது போல.
விசிறியைத் தள்ளினேன், அசையவே இல்லை.
"இறுகிப்போச்சே" என்றேன்
விலையைக் குறைக்கிற குரலில்,
நாற்காலியில் இருந்த மரைக்காயரிடம்.
கப்பலில் மூன்றாம் எஞ்சினியராக இருந்தவர்,
பினாங்கில் வாங்கியவர்.
"என்னையக் கேட்டா? நான் வாங்கிட்டு வந்தவன்.
ஓட்டினது அவ."

கரண்ட் ஆபீசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த
சுலைகா பீவி போனை வைத்தார்.
வலது ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு.
சிவப்புத் தலையை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து
மெல்லச் சுற்றினார்.
கர், கர்.
சோற்றில் மணல் கடிபட்டாற்போல்.

"ஒரு நாளும் ஓடலை. எண்ணெயே குடிக்கலை.
கடல்காத்துதான் குடிச்சிருக்கு.
பேரிங் பூரா துரு."
பழுப்பை எடுத்தார்.
"இது வெளக்கெண்ணெய் காஞ்ச பிசின்.
பிசின் இருக்கிற எடத்துல துரு ஏறாது."

ஃபிளாஸ்க் வெந்நீரில் கால்மணி நேரம் போட்டார்.
துடைத்து, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு
விசிறியைச் சுண்டச் சொன்னார்.
கனத்தது. பிறகு வழுக்கியது.
பிறகு முட்டித் திரும்பியது,
மடியில் கன்று முட்டுகிற அதே அழுத்தம்.
என் விரலுக்கு அது தெரியும்,
தினமும் அதுதானே வேலை.

"ஆயிரத்து எழுநூறு."
"அந்தச் சிவப்பு?"
"நானூறு. ஷோகேஸ்ல வைக்கிறவங்களுக்கு."
பேரம் பேசிப் பார்த்தேன். கரண்ட் வந்தது.
மரைக்காயர் டி.வி.யைப் போட்டுவிட்டார்.
ஆயிரத்து எழுநூறுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் துளைகள் பொருந்தவில்லை.
மண்டபத்தை மாற்றினேன்.

பங்குனிக் கடைசி. குளிக்கரைக்கு மேற்கே
உளுந்து பிடுங்கிய வயல்.
ஈதர் ஒரு பங்கு, ரேஷன் மண்ணெண்ணெய் ஒரு பங்கு,
விளக்கெண்ணெய் ஒரு பங்கு.
கல்லூரி லேபிலிருந்து ஈதர் கொண்டுவந்த லோகிதாசன்
கம்பிக் கைப்பிடியோடு வட்டத்தின் நடுவில்.
நான் விசிறியைச் சுண்டினேன்.
எண்ணுவதை அறுபதில் விட்டுவிட்டேன்.

சட்டென்று பிடித்துக்கொண்டது!
வயல் முழுக்கக் கிழிகிற சத்தம்,
கொக்குகள் எழுந்தன, நான் கையை எடுத்தேன்.
விமானம் பின்னால் போனது.
வாலை முன்னே நீட்டிக்கொண்டு, மரியாதையாக,
அரசன் முன்னிலையிலிருந்து விலகுகிறவன் போல
வரப்பில் போய் உட்கார்ந்தது.
தலைகீழாகச் சுற்றியிருக்கிறது சனியன்.
ஆடு ஓட்டி வந்த பையன் கேட்டான்:
"சார், இது எறங்குறதா, ஏறுறதா?"

போன் போட்டேன். சுலைகா பீவி
சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
"மேல இருக்கிற திருகை அரைச்சுத்து தளர்த்திட்டுச் சுண்டுங்க.
விரல் பத்திரம்."

விரல் ஏற்கெனவே போயிருந்தது.
கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு
குப்பியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
இன்னும் ஒரு தடவைக்கு இருக்கிறது.
லோகிதாசா, கம்பியை இறுக்கிப் பிடி.