நகரத்தை நோக்கி மட்டும்

வின்னிபெக்கில் ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை.
காலை ஆறரை.
பாலத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு
என்னை உட்காரவைத்திருந்தார்கள்.
கையில் எண்ணும் கருவி.
கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால்
ஒரு சைக்கிள்.

வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்
பிறர் கணக்கைச் சரிபார்த்தவள் நான்.
விதிமுறைத் தாளை இரண்டு தடவை படித்தேன்.
நகரத்தை நோக்கிச் செல்பவர்கள் மட்டும்.
தள்ளிக்கொண்டு நடந்தால் சேராது.
பின்வண்டியில் குழந்தை இருந்தால்
குழந்தை சேராது.

கீழே ஆறு
ஆறிப்போன காப்பியின் நிறத்தில்.
கொசுக்களுக்கு யாரோ அழைப்பிதழ் அனுப்பியிருக்க வேண்டும்,
எங்களுக்கு முன்பே வந்துவிட்டன.
ஒரு கூடாரத்தில் பான்கேக் சுட்டார்கள்.
அடுத்ததில் ரோஸ்லின் பூஷே, முழங்கை வரை கிரீஸ்,
‘இலவசப் பழுதுபார்ப்பு’ அட்டையைத்
தலைகீழாக மாட்டியிருந்தாள்.
அப்போதுதான் நின்று படிப்பார்களாம்.

ஏழுக்கு மேல் வரத் தொடங்கினார்கள்.
டையைத் தோளுக்குப் பின்னால் பறக்கவிட்ட ஒருவன்.
செல்லோவை முதுகில் கட்டிய பெண்,
தூரத்திலிருந்து பார்த்தால்
பெரிய வண்டொன்று நிமிர்ந்து மிதிப்பதுபோல.
ஒரு தலைமையாசிரியர், பின்னால் பதினொரு பிள்ளைகள்,
பதினொரு மணிகளும் பதினொரு அவசரத்தில்.
மாநகர மன்ற உறுப்பினர் ஒருவர்
தெருமுனை வரை காரில் வந்து
பின்னால் கட்டியிருந்த சைக்கிளை இறக்கி
ஏறி வந்தார்.
விதியில் அதற்குத் தடை இல்லை.
அழுத்தினேன்,
கொஞ்சம் தாமதித்து.
நானும் காரில்தான் வந்திருந்தேன்.
நாற்காலி இருந்ததே.

முன்னூற்றுப் பன்னிரண்டு ஆனபோது
எதிர்த்திசையில் ஒருவர்.
ஊரே உள்ளே போக
இவர் மட்டும் வெளியே.
கழுத்தில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் அட்டை,
பெயர் தெஸ்ஃபாலெம்.
கூட்டத்தைக் கண்டதும்
இடதுகாலைத் தரையில் தேய்த்து நின்றார்.
பிரேக் கம்பி எப்போதோ அறுந்திருந்தது.
அந்த ஒரு ஷூவின் அடி மட்டும்
தபால்தலைபோல் மெலிந்திருந்தது.

“ஆற்றில் யாராவது விழுந்துவிட்டார்களா?” என்றார்.
“இல்லை. இன்று
சைக்கிளில் வேலைக்குப் போகும் நாள்.”
அவர் அதை மரியாதையோடு யோசித்தார்.
“ஜனவரியிலும் உண்டா?”

ஜனவரியில் இதே பாலத்தில்,
சூடேற்றிய இருக்கையில் இருந்தபடி,
பனிப்புகைக்குள் ஆடி ஆடிப் போகும்
ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்திருக்கிறேன்.
கிறுக்கன் என்று சொல்லியிருக்கிறேன்,
சத்தமாக, ஜன்னல்கள் மூடியிருந்ததால்.
அவர் சைக்கிளின் பின்னால்
டேப் சுற்றிய சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது.
அதேதானா என்று கேட்கவில்லை.

ரோஸ்லின் எதுவும் பேசாமல் வண்டியைக் கவிழ்த்தாள்.
ஒன்பது நிமிடம்.
புதுக் கம்பி, இரண்டு ரப்பர் கட்டைகள்,
சங்கிலிக்கு எண்ணெய்.
பான்கேக் நீட்டினார்கள், வேண்டாமென்றார்.
இரவெல்லாம் பிறர் படுத்த விரிப்புகளை மடித்தவர்,
தன்னுடையதை நினைத்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டிப் பாருங்கள்” என்றாள் ரோஸ்லின்.
வீட்டுப் பக்கம் சாலை முழுக்கப் பிள்ளைகள்.
அவர் வண்டியைத் திருப்பி
நகரத்தை நோக்கி
இருபதடி மிதித்து, பிரேக்கைப் பிடித்தார்.
சக்கரம் சொன்ன பேச்சு கேட்டது.

நகரத்தை நோக்கி.
தள்ளாமல், மிதித்து.
தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
எவ்வளவு தூரம் என்று எங்கும் சொல்லவில்லை.

முன்னூற்றுப் பதின்மூன்று.

அந்த அழுத்தின் சத்தம்
எனக்கு மட்டும்தான் கேட்டது.
அவர் கையசைத்து, திரும்பி,
பாலத்தின் மறுமுனைச் சரிவில் இறங்கினார்.
அங்கே, சிக்னலுக்கு முன்னால்,
ஷூ தரையில் உரசும் ஓசை.

ரோஸ்லினைப் பார்த்தேன்.
“ஒரு வாரமாவது ஆகும்” என்றாள்,
அடுத்த சைக்கிளைக் கவிழ்த்தபடி.