இடது காதுக்கு மட்டும்

மூக்கனேரி வற்றிய கோடையில்
ஒரு சிமென்ட் சாக்கு நிறையக் களிமண் அள்ளி வந்தேன்.
பாதிச் சாக்கு இன்னும் குளியலறை மூலையில்
ஈரத்துணி போர்த்திக் கிடக்கிறது,
காய்ச்சல்காரியைப் போல.

சமையல் முடிந்தபின் சப்பாத்திப் பலகை என்னுடையது.
பேனா மூடியால் வட்டம், ஊசியால் புள்ளி,
பழைய சேலையின் ஜரிகையை அழுத்தி எடுத்தால்
மண்ணுக்கும் ஒரு கரை.
மூன்று நாள் நிழலில் காய வேண்டும்.
அவசரப்பட்டால் நெருப்பில் பட்டாசு.
பெயின்ட் டின்னில் உமி நிரப்பி மொட்டைமாடியில் சுட்ட அன்று
கீழ்வீட்டு ரத்தினசபாபதி
ஃபயர் சர்வீசுக்குப் போன் போட்டுவிட்டார்.
வந்தவர்களில் ஒருவர்
வீட்டம்மாவுக்கென்று இரண்டு ஜோடி வாங்கிப் போனார்.

அம்மாபேட்டைத் தறிகளில் அறுத்துப் போட்ட பட்டுநூல்
வளையலுக்கு நூற்றிருபது சுற்று.
சுற்றும்போது யாராவது மணி கேட்டால்
மணியையும் சேர்த்து எண்ணிவிடுவேன்.
ஏற்காட்டிலிருந்து எஸ்தர் கொண்டு வருவாள் காபிக்கொட்டை,
வறுக்காதது,
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தது.
துளையிட்ட நாளெல்லாம்
என் தயிர்சாதத்தில் பச்சை வாசனை.

எல்லாவற்றையும் கொசுவலையில் மாட்டிப் பார்ப்பேன்.
என் மாடல் அதுதான்.
ஆடுகிறதா, இழுக்கிறதா, கனமா என்று
வலை சொல்லிவிடும்.
"நீங்க ஏன்க்கா ஒண்ணும் போடறதில்ல?"
இடப்பக்கம் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு
அலர்ஜி என்பேன்.

இடது காது மடல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது,
தைக்க மறந்த பிளவுஸ் துணி.
மகளுக்கு அப்போது பதினோரு மாதம்.
பால் குடித்துக்கொண்டே சிரித்தாள்,
கை நீட்டினாள், பிடித்தாள்.
அவ்வளவுதான்.
தையலுக்கு நாலாயிரம் என்றார் டாக்டர்.
அந்த வருடத்து நாலாயிரங்களுக்கு
வேறு வேலை இருந்தது.
பஸ் நெரிசல் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
ஐந்து ரோட்டில், கூட்டத்தில், யாரோ.
அந்த யாரோ இப்போது எட்டாம் வகுப்பு.

சிவதாபுரத்தில் கொலுசுக்கு அரும்பு ஒட்டும் மல்லேஸ்வரியிடம்
வெள்ளிக் கம்பி வாங்கினேன்.
தோழிதான். ஆனாலும் தராசு தராசுதான்:
ஒன்றேமுக்கால் கிராம்.
கேஸ் தீயில் காட்டி
மங்கிய சிவப்பு வந்ததும் தண்ணீரில் போட்டால்
வெள்ளி சொன்னபடி கேட்கும்,
கொஞ்ச நேரம்.
வளைக்க வளைக்க மறுபடி முறைக்கும்.
காதின் பின்னால் ஏறி,
உச்சியில் ஒரு கொண்டை ஊசி வளைவு,
முன்னால் இறங்கும் இடத்தில்
கிழிசலை மூட ஒரு சின்ன மண்பூ.
துளையே வேண்டாம்.

அளவு பார்க்க மகளின் காதைத்தான் கடன் வாங்கினேன்.
கூசுது கூசுது என்று சிரித்தாள்.
அதே சிரிப்பு.

முதல் கம்பி பின்பக்கம் அறுத்தது.
இரண்டாவது, குனிந்தபோது சாம்பாரில் விழுந்தது.
முனையை அரத்தில் உருட்டி, புளி போட்டுத் தேய்த்த மூன்றாவது
கண்ணாடி பார்க்காமலே காதில் உட்கார்ந்தது.

உழவர் சந்தையில் கீரை விற்கும் பாவாயி
சில்லறையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.
அவருக்கு இரண்டு காதும் அப்படி.
எப்படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
"எனக்கு ரெண்டு பக்கமும் வேணுங் கண்ணு."
அடுத்த வாரம் அவர் பக்கத்துக் கடை,
அதற்கடுத்த வாரம் அவர் கொழுந்தியா.
இந்த ஊரில் இத்தனை காதுகள்
முந்தானைக்குள் இருந்திருக்கின்றன.

நேற்று மகள் மேசையிலிருந்து என்னுடையதை எடுத்தாள்.
"ஜோடி எங்கம்மா?"
ஒன்றுதான் என்றேன்.
தன் காதில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது வேண்டியதில்லை.
பிறகு என் பக்கம் வந்து
முடியை ஒதுக்கினாள்.
அந்தக் கை கிட்டே வந்ததும்
தலை தானாகப் பின்னால் போனது, ஒரு நொடி.

"பயப்படாதம்மா, இழுக்கமாட்டேன்" என்றாள்.

மண் ஒட்டிய பலகையைக் கழுவாமலே
மாவு பிசையப் போய்விட்டேன்.