நாலு டிகிரி

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில்
ஒன்று ஆறு வெள்ளி,
ஐந்தாக எடுத்தால் இருபத்தைந்து.
நடுவில் ஊதா. ஓரமெல்லாம்
சுருக்கு வைத்துத் தைத்த பச்சை.
"பூவா?" என்றேன்.
"கோபிஸ்தான் அக்கா, ஆனா பூ" என்றான் விற்றவன்.
அந்த 'ஆனா'வுக்குத்தான் காசு கொடுத்தேன்.

மலையிறங்கும் வளைவுகளில்
மகன் இரண்டு முறை வாந்தியெடுத்தான்.
செடிகள் என் காலடியில் அசையாமல் வந்தன.
தாப்பா வந்து கண்ணாடியை இறக்கியதும்
அடித்தது ஒரு காற்று.
இலைகள் அப்போதே புரிந்துகொண்டிருக்கும்.

பீடோரில், எங்கள் தாமானின் பின்வேலியைத் தொட்டுச்
செம்பனை தொடங்குகிறது.
ஆலையில் லோரி நிறுப்பவள் நான்.
குலையோடு ஒரு எடை,
குலை இறக்கிவிட்டு ஒரு எடை.
கழித்து எழுதுவேன், அவ்வளவுதான் வேலை.
வேலைவிட்டு வந்து செடியைப் பார்த்தால்
அதுவும் கழித்துக்கொண்டிருந்தது:
நேற்றிருந்த ஊதாவில் இன்று கொஞ்சம் இல்லை.
புதிதாய் வந்த இலையெல்லாம் பச்சை.
மூன்றாம் வாரம் ஐந்தும் வெறும் கோபிஸ்,
அதிலும் உருண்டை பிடிக்கத் தெரியாதவை.

எதிர்வீட்டு அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து,
"பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிடு" என்றாள்.
"இந்த வெயில்ல நமக்கு நிறம் ஏறுது,
அதுக்கு இறங்குது" என்றார் என் வீட்டுக்காரர்.
வெயில் இல்லை காரணம்.
குறை ராத்திரியில் இருந்தது.
குளிர்ந்த இருட்டில்தான் அதற்கு நிறம் ஊறுமாம்.
எங்கள் ஊர் ராத்திரியோ
இருபத்து நாலுக்குக் கீழே இறங்கிப் பழகாதது.

மீன்கடை கீ செங்கின் குளிர் அறை
நாலு டிகிரி.
"என்ன வைக்கணும், மீனா, கோழியா?"
"கோபிஸ்."
காய்கறிக் கடை இருக்கும் பக்கம் கை காட்டினார்.
நான் நகரவில்லை.
கடைசியில், ராத்திரிக்கு ஒரு வெள்ளி என்று முடிந்தது.

இரவு எட்டரைக்குக் கொண்டுபோய்
காலை ஆறரைக்கு எடுத்துவருவேன்.
மோட்டார் கூடையில் மூன்று,
முன்னால் கட்டித் தொங்கும் பையில் இரண்டு.
கெம்போங் பெட்டிக்கும் இறால் பெட்டிக்கும் நடுவில்
ஐந்தும் விழித்தபடி கிடக்கும்,
மீன்களைப் போலவே.

பதினோராம் நாள்
ஒரு குருத்தின் நரம்பு சிவந்திருந்தது.
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
போகவில்லை.

தீபாவளிக்கு வந்தவர்கள்
முறுக்கும் கையுமாகக் குனிந்து பார்த்தார்கள்.
முகர்ந்தவர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள்.
அஞ்சலாட்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.
ஒரு வாரம் நான் ராணி.

பிறகு கீ செங்கின் மகளுக்குப் பினாங்கில் பிரசவம்.
கடை இரண்டு வாரம் அடைப்பு.
செடிகள் முற்றத்திலேயே படுத்தன,
படுக்கவும் இல்லை.
நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி
ஊதாவைக் கிழித்துக்கொண்டு முழங்கால் உயரம் ஏறியது.
நுனியில் மஞ்சள், நாலு இதழ்,
கடுகுப் பூ அளவு.
அதுதான் அதன் பூவாம்.
இத்தனை நாள் பார்த்தது இலை.
பார்க்க யாரையும் கூப்பிடவில்லை.
தேனீக்கள் கூப்பிடாமலே வந்தன.

பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கீ செங்
பாக்கி கேட்க வந்தவர்
தண்டு ஒன்றை ஒடித்தார், முகர்ந்தார்,
முனையைக் கடித்துப் பார்த்தார்.
"பூண்டு போடு, பெரிய நெருப்பு, ரெண்டு நிமிஷம்."
நாலு தொட்டிகளை வெட்டிக் கொடுத்தேன்.
பாக்கியைத் தள்ளிவிட்டு
மறுநாள் அரைக்கிலோ கெம்போங் கொடுத்தனுப்பினார்.

ஐந்தாவது வேலியோரம் நிற்கிறது.
தண்டு சாய்ந்து, இதழ் கொட்டி,
அடியிலையில் புழு ஓட்டைகளோடு.
எதற்கு இன்னும் என்று கேட்கிறார்கள்.
விதைக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.