ஓர் அங்குலம்

பெருந்துறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை
ஏற்றி இறக்கிய வேன்
கரூர்ப் பட்டறைக்குள் நாலு மாதம் கிடந்து
வீடாகி வெளியே வந்தது.
படுக்கை, அடுப்பு, தொட்டி, கொசுவலைச் சன்னல்.
மஞ்சள் மட்டும் முழுசாகப் போகவில்லை,
கதவிடுக்கில் இன்னும் கொஞ்சம்.

வீட்டை வைக்க இடம்தான் இல்லை.
திருப்பூரில் எங்கள் வீதியில்
ஸ்கூட்டரையே ஒருக்களித்து நிறுத்துகிறோம்.
மரகதத்தின் சித்தப்பா மகன் பொன்னுரங்கம் சொன்னார்:
“நம்ம மேட்டாங்காடு சும்மாதானுங் கெடக்குது,
கொண்டாந்து போடுங் மச்சான்.”
சும்மா கிடந்தது உண்மை.
சாய்ந்து கிடந்ததை அவர் சொல்லவில்லை.

காங்கயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிக்குள்
கொழுக்கட்டைப்புல் படர்ந்த செங்காடு.
இறக்கத்தின் கடைசியில் கிணறு,
கைப்பிடிச்சுவர் இல்லாதது.
எழுபதடிக்குக் கீழே தண்ணீர் இருப்பது
புறாக்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் தங்கிப் பார்த்தோம்.
கல்லில் எண்ணெய் தெற்கே ஓடியது.
தோசை இலங்கை மாதிரி வந்தது.
கைகழுவிய தண்ணீர் மூலையில் நின்று யோசித்தது.
தாழ் போடாத கதவு
யாரோ கூப்பிட்டதுபோல் திறந்துகொண்டது.
இரவில் மரகதம் உருண்டு உருண்டு என்மேல் வந்தாள்,
முப்பத்தொரு வருசத்தில் இல்லாத அளவுக்கு.
“தப்பா நினைச்சுக்காதீங்க, காடு சாயுது” என்றாள்.

மறுநாள் ரசமட்டம் வாங்கினேன்.
குமிழ் மேட்டுப் பக்கமே போய் ஒட்டிக்கொண்டது.
கொப்பரைக் களத்தில் கேட்டு வாங்கிய பலகைகளை
முன்சக்கரங்களுக்கு அடியில் போட்டு
ஏற்றினேன், பார்த்தேன், இறக்கினேன், ஏற்றினேன்.
நாலாவது பலகையில் குமிழ்
கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.
“போதும். நம்ம வீட்டுத் தரையே
இவ்வளவு மட்டமில்லை.”

ஐப்பசி மழைக்கு முன் ஊர் திரும்ப வேண்டும்.
வைகாசி வரை வண்டி இங்கே.
தொட்டியை வடித்தோம். பேட்டரி வயரைக் கழற்றினோம்.
புகைக்குழாய்க்குத் துணி, டயருக்குக் கோணிச்சாக்கு.
பலகைகளையும் உருவிவிட்டேன்,
யாரும் தூங்காத வீட்டுக்கு மட்டம் எதற்கு.

பட்டறைக்காரர் போனில் சொன்னார்:
“ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுட்டுப் போயிராதீங்க.
ஆறேழு மாசத்துல டிரம்மோட ஒட்டிக்கும்.”
“சரிவுல நிக்குதுங்க.”
“அப்ப கல்லு வைங்க.”
“கீழே கிணறு இருக்குதுங்க.”
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“அப்ப நல்ல கல்லா வைங்க.”

காடு முழுக்கக் கல். நல்ல கல் எது?
பொன்னுரங்கம் உருண்டைகளைக் காலால் தள்ளிவிட்டு
ஆப்பு மாதிரி ஆறு பொறுக்கினார்.
ஸ்டியரிங்கைக் கிழக்கே ஒடித்து வைத்தோம்,
ஓடினால் வேலியில் முட்டட்டும்.

நியூட்ரல். என் பாதம் பிரேக்கில்.
மரகதம் மேட்டுப் பக்கம் நின்றாள்,
கையில் ஏழாவதாக ஒரு கல்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிணற்றின் வாய்,
ஒரு புறா வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.
கை பிரேக்கின் பொத்தானை அழுத்தி இறக்கினேன்.
பாதத்தை எடுத்தேன்.

நகர்ந்தது.
ஓர் அங்குலம்தான். அதற்குள்
அலமாரியில் ஏதோ ஒரு தட்டு சரிந்தது,
எடுத்த பாதம் என்னைக் கேட்காமல் திரும்பப் போனது,
போய்ச் சேர்வதற்குள்
கல் மண்ணைக் கடித்து
வண்டி உட்கார்ந்துவிட்டது.

“ஆச்சுங்களா?”
ரிவர்ஸில் போட்டுவிட்டு இறங்கினேன்.
ஏழாவது கல்லை அவள் கீழே போடவில்லை.
குனிந்து, ஆறுக்குப் பக்கத்தில்,
தேவையே இல்லாத இடத்தில் வைத்தாள்.

திருப்பூரில் சமதரை. தோசை வட்டமாக வருகிறது.
மழை இரவுகளில் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டால்
நான் கேட்கும் முன்னே “நிக்குதுங் மச்சான்” என்கிறார்.
மரகதம் அவள் பக்கத்திலேயே தூங்குகிறாள்.
போர்வைக்குள் என் வலது பாதம் மட்டும்
எதையோ மிதித்துக்கொண்டு.